நிலத்தின் கணக்கு நீரிற் செல்லாது

பாரந்தூக்கி ஒன்றின் பக்கத்தில் 100 தொன் என்று பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருப்பின், அது 100 தொன் பாரத்தைத் தூக்கும் என்றே காண்போர் கொள்வர். அப்பொறியை ஆக்கியோர் அவ்வாறு கூறவில்லை. குறித்த ஓர் ஆரையில், குறித்த நீளமுடைய கையுடன், மட்டமானதும் உறுதியானதுமான தரையில், காற்று மிகாத வேளையில் மட்டுமே அந்த எண் பொருந்தும் என்பது அவர்தம் கூற்று. இந்நிபந்தனைகளுள் தலையாயது தரை. அத்தரையை நீக்கிவிட்டு, அதனிடத்தில் மிதவை ஒன்றை வைத்து, எண்ணை மட்டும் மாற்றாது வைத்திருக்கும் பழக்கம் உலகின் பல துறைமுகங்களிலும் ஆற்றங்கரைகளிலும் வேரூன்றியுள்ளது. இப்பழக்கம் அறியாமையின் விளைவு மட்டுமன்று. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கு வாய்ப்பான ஓர் ஏற்பாடுமாகும்.

பாலம் அமைத்தல், இறங்குதுறை கட்டல், முளைக்கம்பம் அறைதல், அமிழ்ந்த கலத்தை மீட்டல் ஆகிய பணிகளுக்கு நீரின் மேலிருந்து பாரந் தூக்க வேண்டியுள்ளது. இதற்கென்றே ஆக்கப்பட்ட மிதக்கும் பாரந்தூக்கிகள் உள. 2019 இல் பணிக்கு வந்த சிலைப்னர் என்னும் கலம் ஒவ்வொன்றும் 10,000 தொன் தூக்கவல்ல இரு பாரந்தூக்கிகளைத் தாங்குவது. அதன் நீளம் 220 மீற்றர். அகலமோ 102 மீற்றர். அவ்வகலம் அழகிற்காக வைக்கப்பட்டதன்று. கலமும் பாரந்தூக்கியும் ஒரே உடலென வரைபலகையிலேயே கருதப்பட்டமையின் பயன் அது. ஆயின் இத்தகைய கலங்கள் எல்லாப் பணிக்கும் வாய்ப்பதில்லை. வாய்ப்பினும் விலை மிகுதி. ஆதலின் தரையில் ஓடும் சாதாரண பாரந்தூக்கி ஒன்று வாடகைக்கு அமர்த்தப்படுகின்றது; வேறோர் இடத்திலிருந்து மிதவை ஒன்று பெறப்படுகின்றது; முன்னது பின்னதன் மேல் ஏற்றப்படுகின்றது. ஒன்றையொன்று அறியாத இவ்விரண்டும் ஒரு நாட் காலையில் ஒரே பொறியாகிவிடுகின்றன. அப்புதிய பொறிக்கு ஆக்கியோனும் இல்லை. பார அட்டவணையும் இல்லை.

இதன் விளைவை ஒல்லாந்து நாடு 2015 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 3 ஆம் திகதி கண்டது. அல்பன் ஆன் டென் றைன் என்னும் நகரில், பழைய றைன் ஆற்றின் மீதுள்ள யூலியானா பாலத்தைப் புதுப்பிக்கும் பணி நடைபெற்றுக்கொண்டிருந்தது. மிதவைகளின் மேல் நிறுத்தப்பட்ட இரு பாரந்தூக்கிகள் பாலத்தட்டொன்றைத் தூக்கின. தூக்கிய சிறிது நேரத்தில் மிதவைகள் சாய்ந்தன. பாரந்தூக்கிகள் இரண்டும், அவை பற்றியிருந்த பாலத்தட்டும், கரையோரமிருந்த வீடுகள் மீதும் கடைகள் மீதும் வீழ்ந்தன. கூரைகள் பிளந்தன, சுவர்கள் நொறுங்கின. மனித உயிர் எதுவும் இழக்கப்படாமை பெரும் பேறேயன்றி எவருடைய முன்யோசனையின் பயனும் அன்று.

இது நிகழ்ந்த நாடு எது என்பதும் கருதத்தக்கது. கடலுக்கு அணையிட்டு நிலம் பெற்றவர்கள் ஒல்லாந்தர். இலங்கையின் மேற்குக் கரையில் இன்றுங் காணப்படும் கால்வாய்கள் பல அவர்தம் ஆட்சியில் உருப்பெற்றவை. நீரையும் மிதவையையும் அவர்களினும் நன்கறிந்தோர் அரியர். அத்தகைய நாட்டிலேயே இது நிகழ்ந்ததெனின், அறிவு நாட்டில் இருப்பது வேறு, அது பணித்தளத்தில் இருப்பது வேறு என்பது புலனாகும்.

அந்நாட்டின் பாதுகாப்புச் சபை விரிவாக ஆராய்ந்து 2016 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மிதவைகளும் பாரந்தூக்கிகளும் சேர்ந்த அமைப்பு போதிய உறுதிநிலை உடையதாக இருக்கவில்லை என்பதும், அவ்வாபத்து திட்டமிடும்போதே உணரப்படவில்லை என்பதும், அயலில் வாழ்வோரின் பாதுகாப்பு உரிய கவனம் பெறவில்லை என்பதும் அதன் முடிபுகள். சூறாவளி வீசவில்லை, பேரலை எழவில்லை. கோடைகாலத்து நாளொன்றில், அமைதியான ஆற்றில், பெயர்பெற்ற பொறிகள் கவிழ்ந்தன. இதனை விபத்து என்று கூறி அமைதல் ஆகாது. விபத்து என்னுஞ் சொல் எதிர்பாராமையைக் குறிப்பது. கணக்கிட்டால் எதிர்பார்க்கக்கூடியதாயிருந்த ஒன்றைக் கணக்கிடாது விட்டமை விபத்தன்று, தவறு.

மிதக்கும் பொருளின் உறுதிநிலை பற்றிய விதிகள் புதியனவல்ல. மேலுதைப்பைப் பற்றி ஆக்கிமிடீசு கூறி ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றது. மிதவை சிறிது சாயும்போது, அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறுவதால் மேலுதைப்புத் தொழிற்படும் இடமும் பக்கமாக நகரும். அவ்வாறு நகர்ந்த மேலுதைப்பின் கோடு மிதவையின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளியைப் பிரான்சிய அறிஞர் பியேர் பூகே 1746 இல் வெளியிட்ட தமது நூலில் மெற்றாசென்ரர் என்று பெயரிட்டு விளக்கினார். புவியீர்ப்பு மையம் இப்புள்ளிக்குக் கீழே இருப்பின் மிதவை நிமிரும். மேலே சென்றால் கவிழும். இரண்டிற்கும் இடைப்பட்ட உயரமே மிதவையின் உறுதிக்கு அளவுகோல். பொறியியல் பயிலும் மாணவர் பலர் இதனைக் கற்கின்றனர்; பரீட்சையில் எழுதியும் விடுகின்றனர். அதற்குமேல் அது அவர்களோடு பணித்தளம் வரை செல்வதில்லை.

சொல்லால் வாதிடுவதினும் எண்ணால் வாதிடுவதே இவ்விடயத்திற் பொருத்தமானது. பெட்டி வடிவான மிதவை ஒன்று 30 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் உடையதெனக் கொள்க. மிதவை 312 தொன். அதன்மேல் நிற்கும் பாரந்தூக்கி 100 தொன். தூக்கப்படும் பாரம் வெறும் 20 தொன். மொத்தம் 432 தொன் ஆதலின் நன்னீரில் மிதவை 1.2 மீற்றர் ஆழம் அமிழும், 0.8 மீற்றர் நீருக்கு மேல் நிற்கும். மிதவையின் புவியீர்ப்பு மையம் அடித்தளத்திலிருந்து 1 மீற்றரிலும், பாரந்தூக்கியினது 5 மீற்றரிலும், கையின் நுனி 30 மீற்றரிலும் உள்ளனவென்க. இவற்றைச் சேர்த்துக் கணித்தால் முழு அமைப்பின் புவியீர்ப்பு மையம் 3.27 மீற்றர் உயரத்தில் அமையும். மெற்றாசென்ரரோ 10.6 மீற்றர் உயரத்தில் உள்ளது. இடைப்பட்ட உயரம் 7.33 மீற்றர். ஈடுசெய்யும் எதிர்ப்பாரத்தைச் சேர்க்காது நோக்கின், பாரம் நடுக்கோட்டிலிருந்து 10 மீற்றர் பக்கமாகத் தொங்கும்போது மிதவை ஏறத்தாழ 3.6 பாகை சாயும். இது தாங்கக்கூடிய நிலை என்று தோன்றலாம்.

இனி, மிதவையின் மேற்றளப் பரப்பையும் நிறையையும் அமிழும் ஆழத்தையும் சிறிதும் மாற்றாது அகலத்தை மட்டும் குறைத்து நோக்குக. 40 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமுமாயின் பரப்பு அதே 360 சதுர மீற்றர். ஆனால் இடைப்பட்ட உயரம் 2.96 மீற்றராகக் குறைகின்றது, சாய்வு 8.9 பாகையாகின்றது, மேற்றளத்தின் விளிம்பு நீரைத் தொட ஒரு சாண் இடைவெளியும் எஞ்சுவதில்லை. 60 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமுமாயின் மெற்றாசென்ரர் 3.1 மீற்றருக்கு இறங்கிவிடும். புவியீர்ப்பு மையமோ 3.27 மீற்றரிலேயே நிற்கும். அம்மிதவை பாரத்தைப் பக்கமாகத் திருப்பும்வரை காத்திராது. பாரம் கையில் ஏறியவுடனேயே கவிழும். அதே நிறை, அதே பரப்பு, அதே பாரந்தூக்கி, அதே 20 தொன். ஒன்று நிற்கின்றது, ஒன்று தத்தளிக்கின்றது, ஒன்று மூழ்குகின்றது. இவ்வேறுபாட்டைப் பாரந்தூக்கியின் அட்டவணையில் எத்துணை தேடினும் காணவியலாது. “இம்மிதவை இத்தனை தொன் தாங்கும்” என்ற கூற்றிலும் அது இல்லை. தாங்குதல் வேறு; நிமிர்ந்து நிற்றல் வேறு.

இக்கணக்கில் மேலும் ஓர் உண்மை மறைந்துள்ளது. தூக்கிய பாரம் மேற்றளத்திற்கு ஒரு முழம் மேலே தொங்குகின்றது. ஆதலின் அது தாழ்ந்த பாரமே என்று எண்ணுவோர் பலர். கண்ணுக்கு அவ்வாறே தோன்றும். ஆனால் கயிற்றில் தொங்கும் பாரத்தின் நிறை கயிறு கட்டப்பட்ட இடத்திலேயே, அதாவது கையின் நுனியிலேயே தொழிற்படுகின்றது. தரையை விட்டுப் பாரம் ஒரு விரற்கடை எழும் கணத்திலேயே, உறுதிநிலையைப் பொறுத்தவரையில், அது 30 மீற்றர் உயரத்திற்கு ஏறிவிடுகின்றது. “சற்றே உயர்த்திப் பார்ப்போம்” என்னும் சொல்லின் பின்னால் இந்த ஏற்றம் உள்ளது.

“சற்றே உயர்த்திப் பார்த்தல்” நல்ல வழக்கந்தான். ஆயின் அதனையே சான்றெனக் கொள்வது கேடு. மேற்கூறிய முதலாவது மிதவையில் பாரம் நீளப்பாட்டில் உயர்த்தப்படுமாயின் சாய்வு அரைப் பாகையுங் கூட இராது. ஏனெனில் அத்திசையில் மிதவை பன்மடங்கு உறுதியானது. அதனைக் கண்டு மனநிறைவுற்று, கையைப் பக்கமாகத் திருப்பினால் அதே பாரம் 3.6 பாகை சாய்வை உண்டாக்கும். சோதனை நடந்த திசை ஒன்று. ஆபத்து இருக்கும் திசை வேறொன்று.

மிதவையின் கதை இவ்வாறாக, அதன்மேல் நிற்கும் பாரந்தூக்கியின் கதை இதனினும் கொடியது. தரையில் இயங்கும் பாரந்தூக்கிகளின் அட்டவணைகள் பொதுவாக 1 சதவீதத்திற்கு மிகாத சரிவையே ஏற்கின்றன. அதாவது அரைப் பாகையிலும் சற்றே கூடுதல். 3.6 பாகை என்பது 6 சதவீதத்திலும் மிகுந்த சரிவு. அச்சாய்வில் 30 மீற்றர் உயரத்திலுள்ள கைநுனி ஏறத்தாழ 1.8 மீற்றர் வெளியே நகர்கின்றது. 10 மீற்றர் ஆரைக்குரிய பாரத்தை எடுத்த பொறி 12 மீற்றருக்கு அண்மையான ஆரையில் நிற்கின்றது. இயக்குபவர் நெம்புகோல் எதனையும் தொடவில்லை. ஆயினும் அவர் காலடியில் அட்டவணையின் வரிசை மாறிவிட்டது. அன்றியும், பாரந்தூக்கியின் கை மேலிருந்து கீழ்நோக்கி வரும் விசையைத் தாங்கவே ஆக்கப்பட்டது; பக்கத்திலிருந்து இழுக்கும் விசைக்கு அது மெலிந்தது. கை நோக்கும் திசையில் அன்றி அதற்குக் குறுக்காக மிதவை சாயின், கவிழ்வதற்கு முன்னரே கை முறிதலுங் கூடும்.

“அட்டவணையில் பாதுகாப்பு எல்லை சேர்க்கப்பட்டுள்ளதே” என்பது அடுத்த மறுமொழி. சேர்க்கப்பட்டுள்ளது உண்மையே. அமெரிக்க வழக்கில், கவிழச் செய்யும் பாரத்தில் 75 சதவீதமே சங்கிலிச் சில்லுப் பாரந்தூக்கிக்கும், 85 சதவீதமே தாங்கு கால் ஊன்றிய பாரந்தூக்கிக்கும் அனுமதிக்கப்படுகின்றது. எஞ்சிய 15 அல்லது 25 சதவீதம் தரையில் நிகழக்கூடிய சிறு பிழைகளுக்கென ஒதுக்கப்பட்டது. தரை சாயாது என்னும் அடிப்படையிலேயே அந்த ஒதுக்கீடு கணிக்கப்பட்டது. அதனை நீருக்கும் போதுமெனக் கொள்வது, மழைக்கெனக் கொண்டுசென்ற குடையை நம்பி ஆற்றில் இறங்குவதை ஒக்கும்.

மிதவையின் வயிற்றுக்குள்ளும் ஓர் எதிரி உண்டு. சாய்வைச் சமன்செய்வதற்கென அறைகளில் நீர் நிரப்பப்படுகின்றது. அறை முற்றாக நிரம்பியிருப்பின் அது வெறும் பாரம். அரைகுறையாக இருப்பின் மிதவை சாயும் பக்கத்திற்கே ஓடிச் சாய்வைப் பெருக்கும். முன்னர்க் கூறிய 12 மீற்றர் அகலமான மிதவையில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தடுப்பின்றி, 10 மீற்றர் நீளமுடைய அறையொன்று அரைகுறையாக நீர் கொண்டிருக்குமாயின், அந்நீர் மிதவையின் நிறையுள் அடங்கியதாகக் கொள்ளினும், இடைப்பட்ட உயரம் 7.33 இலிருந்து 4 மீற்றருக்கு வீழும், சாய்வு 6.6 பாகைக்கு ஏறும். நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருப்பின் இவ்விழப்பு நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். பொசிந்து தேங்கிய நீரை இறைக்காது விட்ட சோம்பலும், தடுப்புச் சுவரில் திறந்து விடப்பட்ட ஒரு வால்வும் இவ்வாறு உயிர்களுக்கு விலை பேசுகின்றன.

சமன்செய்யும் நீரைப் பற்றி மற்றொன்றும் கூறல் வேண்டும். பாரத்தை எதிர்பார்த்து மறுபக்கத்தில் நீர் நிரப்பி வைத்திருக்கும் வேளையில் கயிறு அறுந்தாலோ, பாரம் திடீரெனக் கரையில் அமர்ந்தாலோ, எதிர்த்து நிற்க ஒன்றுமின்றி மிதவை மறுபக்கம் துள்ளும். உயர்த்திய கை பின்னோக்கி வீசப்படும். அலையும், கடந்து செல்லும் படகின் நீரோட்டமும், பாரத்தின் ஊசலும் இதனோடு சேரும். நின்ற நிலைக்கு மட்டும் போடப்பட்ட கணக்கு, எல்லாம் அசையும் இடத்தில் குறைந்தபட்சக் கணக்கேயாகும். அதுவும் போடப்படாத இடங்களே பல என்பதுதான் துயரம்.

இத்துணையுங் கூறிய பின்னரும் “அனுபவம்” என்னும் சொல் எழும். இருபது ஆண்டுகளாகத் தூக்குகின்றோம். எதுவும் நிகழவில்லை என்பர். அனுபவத்தை இகழ்தல் தகாது. கயிற்றின் ஒலியையும் கொளுக்கியின் போக்கையும் அனுபவமே கற்பிக்கும். ஆனால் உறுதிநிலையை அனுபவம் காட்டுவதில்லை. மாறாக, அதனைத் திரித்துக் காட்டும். உறுதி மிகுந்த மிதவை விரைந்து ஆடும். மேற்றளத்தில் நிற்போருக்கு அது தொல்லையாகத் தோன்றும். உறுதி குறைந்த மிதவை மெல்ல ஆடி மெல்ல நிமிரும். அது அமைதியானதாகத் தோன்றும். கவிழ்வதற்கு மிக அண்மையிலுள்ள மிதவையே காலுக்கு மிக இதமானது. உடலுணர்வை நம்புவோன் நல்ல மிதவையை வெறுத்துக் கெட்ட மிதவையை விரும்புவான். இருபது ஆண்டு கவிழாமை என்பது எல்லைக்கு எத்துணை தூரத்தில் நின்றோம் என்பதைச் சொல்லாது. எல்லையைத் தாண்டவில்லை என்பதை மட்டுமே சொல்லும். அல்பன் நகரில் பணியாற்றியோரும் அனுபவமற்றோர் அல்லர்.

“சிறு பணிக்கு இத்தனை கணக்கா? செலவு கட்டுப்படியாகாது” என்பது இறுதி அரண். மேலே காட்டப்பட்ட கணக்கு பென்சிலும் தாளும் கொண்டு ஒரு மணி நேரத்தில் முடிக்கத்தக்கது. அதனைக் கொண்டே பணியைத் தொடங்கிவிடலாம் என்பதன்று. உண்மைப் பணிக்கு அதனினும் விரிவான கணிப்பு வேண்டும். ஆயினும் எம்மிதவையை அணுகவே கூடாது என்பதை அந்த ஒரு மணி நேரம் காட்டிவிடும். ஒரு நாள் மிதவை வாடகைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கணிப்புக்குக் கொடுக்க மனமில்லாதோர், வீழ்ந்த பாரந்தூக்கியை மீட்கவும் நொறுங்கிய வீட்டைக் கட்டவும் பன்மடங்கு கொடுக்கின்றனர். அன்றியும், மிச்சப்படும் பணம் ஒருவர் பையில் சேர்கின்றது. ஆபத்தோ கயிறு கட்டும் தொழிலாளியின் தலைமேலும், கரையில் உறங்கும் குழந்தையின் தலைமேலும் நிற்கின்றது. இலாபம் ஒருவருக்கும் ஆபத்து மற்றொருவருக்குமாகப் பங்கிடப்படும் இடத்தில் “கட்டுப்படியாகாது” என்று சொல்லும் உரிமை ஆபத்தைச் சுமப்பவருக்கே உண்டு.

சிக்கலின் வேர் அறியாமையிலும் ஆழமானது. பாரந்தூக்கிக்கு உடையவர் தம் பொறியை அறிவார். அது நிற்கும் இடம் மிதவைக்காரரின் பொறுப்பு என்பார். மிதவைக்கு உடையவர் தம் கலத்தை அறிவார். மேலே நிற்பது பாரந்தூக்கிக்காரரின் பொறுப்பு என்பார். ஒப்பந்தகாரர் இருவரும் துறைபோனவர்கள் என்று நம்புவார். வேலை கொடுத்தவர் ஒப்பந்தகாரரை நம்புவார். நால்வரும் நேர்மையாளராக இருத்தல் கூடும்; நால்வர் கையிலும் தத்தம் பத்திரங்கள் ஒழுங்காக இருத்தலுங் கூடும். ஆனால் பாரந்தூக்கியும் மிதவையும் பாரமும் சேர்ந்த அந்த ஒரே உடலுக்குரிய கணக்கு எவர் கையிலும் இல்லை. ஒவ்வொருவர் அறிவும் முடியும் இடத்தில் மற்றவரது அறிவு தொடங்கவில்லை. நடுவிலுள்ள அவ்வெற்றிடத்திலேயே மிதவை கவிழ்கின்றது.

இவ்வெற்றிடத்தை நிரப்ப இயலாது என்று கூறவும் இடமில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2010 இல் வெளியிடப்பட்ட கட்டுமானப் பாரந்தூக்கி விதிகள் இதனை நேராகவே அணுகின. தரைப் பாரந்தூக்கியை மிதவையில் ஏற்றினால் அதன் தூக்குதிறன், சாய்வு, அலை, காற்று ஆகியவற்றுக்கேற்பக் குறைக்கப்படல் வேண்டும். அக்குறைப்பை ஆக்கியோர் செய்தல் வேண்டும். அன்றேல் பாரந்தூக்கியின் திறனையும் மிதவையின் உறுதிநிலையையும் ஒருங்கே அறிந்த தகுதியாளர் செய்தல் வேண்டும். சாய்வு 5 பாகையையோ, ஆக்கியோர் குறித்த அளவையோ, இவற்றுள் எது குறைவோ அதனைத் தாண்டலாகாது. மேற்றளத்தின் எப்பகுதியும் நீரில் அமிழலாகாது. அடித்தளத்தின் எப்பகுதியும் நீரை விட்டு எழலாகாது. இவ்விதிகளின் உயிர் “ஒருங்கே அறிந்த” என்னும் சொல்லில் உள்ளது. இரு நிபுணரின் இரு பத்திரங்களை ஒன்றாகத் தைத்துவிட்டால் ஒரு கணக்கு ஆகிவிடாது என்பதை அச்சொல் ஒப்புக்கொள்கின்றது.

எனவே வேண்டப்படுவன அரியனவல்ல. மிதவையின்மேல் நின்று தூக்கும் ஒவ்வொரு பணிக்கும், அம்மிதவைக்கும் அப்பாரந்தூக்கிக்கும் அப்பாரத்திற்குமே உரிய தனி அட்டவணை ஆக்கப்படல் வேண்டும். அதில் ஒரே ஒருவர், இரண்டையும் அறிந்தவர், தம் பெயரையிட்டுக் கையொப்பமிடல் வேண்டும். அக்கையொப்பத்தைக் காணாது பணி தொடங்க அனுமதித்த அரசு நிறுவனமோ நகரசபையோ “ஒப்பந்தகாரரை நம்பினோம்” என்று கைகழுவ முடியாதவாறு சட்டம் அமைதல் வேண்டும். சாய்வுமானி இயக்குபவரின் கண்முன் இருத்தல் வேண்டும். குறித்த பாகையைத் தாண்டியதும் பணியை நிறுத்த அவருக்கு உரிமை வேண்டும். அவ்வுரிமையைப் பயன்படுத்தியமைக்காக அவர் வேலையிழத்தல் ஆகாது. இவை யாவற்றிற்கும் மேலாக, பாரந்தூக்கியின் கை எட்டி வீழக்கூடிய பரப்பில் தூக்கும் நேரத்தில் எவரும் இருத்தலாகாது. கணக்குத் தவறினும் மனிதர் தப்புவர். அல்பனில் வீடுகள் வெறுமையாக்கப்பட்டிருப்பின் அங்கு இழப்பு மரமும் செங்கல்லுமாக மட்டுமே இருக்கும் என்பது முன்கூட்டியே உறுதியாகியிருக்கும்; நற்பேற்றை நம்பியிருக்க வேண்டியிராது.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. நீர்நிலையியலைக் கற்பிக்கும் வகுப்பில் பெட்டி மிதக்கின்றது. இயந்திரவியலைக் கற்பிக்கும் வகுப்பில் பாரந்தூக்கி நிற்கின்றது. பெட்டியின்மேல் பாரந்தூக்கியை ஏற்றும் வினா எவ்வகுப்பிலும் எழுவது அரிது. பணித்தளத்தில் உள்ள வெற்றிடம் பாடத்திட்டத்திலேயே தொடங்கிவிடுகின்றது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவொன்றில், துறைமுகமும் பாலமும் இறங்குதுறையும் அமைக்கப் போகும் இளைஞருக்கு இவ்வினா வெறும் பயிற்சியன்று. அதனைத் தாய்மொழியில் தெளிவாகக் கூறுவதும் அவசியம். ஏனெனில் ஆபத்தின் கீழ் நிற்பவன் பொறியியலாளன் மட்டுமல்லன். கயிறு பிடிப்பவனும் மிதவையில் நீர் இறைப்பவனும் அங்கு நிற்கின்றனர். “இதன் அகலம் போதுமா? அறையில் நீர் நிற்கின்றதா? கணக்கிட்டவர் யார்?” என்று அவன் தன் மொழியில் கேட்கும் மூன்று வினாக்கள், அயல்மொழியில் அச்சிடப்பட்டு அலமாரியில் உறங்கும் முந்நூறு பக்க விதிநூலினும் பயன் மிக்கவை.

நீர் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. பத்திரத்திலுள்ள எண்ணை அது படிப்பதில்லை. அனுபவத்தின் ஆண்டுகளை அது எண்ணுவதில்லை. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, பாரம் எங்கே தொங்குகின்றது என்னும் மூன்றை மட்டுமே அது நோக்கித் தீர்ப்பு வழங்குகின்றது. அத்தீர்ப்பு எவ்வாறிருக்கும் என்பதைக் கணித்தறியும் வழியை மனிதன் 1746 ஆம் ஆண்டிலிருந்தே அறிந்துள்ளான். அறிந்திருந்தும் கணிக்காது தூக்குபவன் துணிவுடையவன் அல்லன். பிறர் உயிரைப் பணயமாக வைத்துச் சூதாடுபவன். அச்சூதுக்குப் பணி என்று பெயரிட்டு அனுமதிச்சீட்டு வழங்குவோரும் அவனோடு சேர்த்தே எண்ணப்படல் வேண்டும்.